கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கிய மேரி ஷார்லீப்

சென்னைத் திருவல்லிக்கேணியில், கடற்கரைக்கு அருகே, அரசு கஸ்தூர்பா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை இருக்கிறது. அந்த வட்டாரத்து மக்களுக்கு அது 'கோஷா ஆஸ்பத்திரி'. பெண்களுக்குப் பெண் மருத்துவர்களே சிகிச்சை தர வேண்டும் என்ற நோக்கத்தோடு 1885-இல் அதைத் தொடங்கியவர் மேரி ஷார்லீப் (1845–1930). சென்னை மருத்துவக் கல்லூரியில் முதன்முதலில் சேர்ந்த நான்கு மாணவிகளுள் அவர் ஒருவர். லண்டன் பல்கலைக்கழகத்தில் முதன்முதலில் மருத்துவப் பட்டம் பெற்ற இரண்டு பெண்களுள்ளும் ஒருவர். லண்டனில் பிறந்த அவர், மருத்துவப் படிப்பைத் தொடங்கியது சென்னையில்தான். அப்போது லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை.

லண்டனிலிருந்து சென்னைக்கு

மேரி 1845 ஜூன் 18 அன்று லண்டனில் பிறந்தார். திருமணத்துக்கு முன் அவர் பெயர் மேரி ஆன் டேக்கம் பேர்ட். அவர் பிறந்த சில நாள்களிலேயே தாய் இறந்துவிட்டார். சமயக் கட்டுப்பாடு மிகுந்த தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்த மேரி, உறைவிடப் பள்ளிகளில் படித்தார்.

பத்தொன்பது வயதில் வில்லியம் ஷார்லீப் என்ற சட்ட மாணவரைச் சந்தித்தார். வழக்கறிஞராகித் தொழில் செய்யச் சென்னைக்குப் போவது என்பது வில்லியத்தின் முடிவு. வீட்டார் முதலில் தயங்கிப் பிறகு சம்மதித்தார்கள். 1865 டிசம்பரில் திருமணம் நடந்தது. சூயஸ் கால்வாய் இன்னும் திறக்கப்படாத காலம் அது. நெடிய பயணத்துக்குப் பின் இருவரும் 1866-இல் சென்னை வந்து சேர்ந்தார்கள்.

வில்லியம் வழக்குகளை நடத்தியதோடு சட்ட இதழ்ப் பணியிலும் ஈடுபட்டார். அந்தப் பணியில் மேரி அவருக்கு உதவினார். மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். அந்நாளில் சென்னையில் வாழ்ந்த ஓர் ஆங்கிலக் குடும்பத் தலைவியின் வாழ்க்கை பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடும். மேரியை அதற்கு வெளியே இழுத்தது, பிரசவத்தில் பெண்கள் படும் பாட்டைப் பற்றி அவர் காதில் விழுந்த செய்திகள்.

மறுபிறப்பு என்ற சொல்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று தமிழில் சொல்வதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது வெறும் உவமை அல்ல. குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ, பேறு நாள்கணக்கில் நீண்டாலோ, பிறந்த பின் உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ தாயைக் காப்பாற்ற வழி அரிது. நல்லபடியாகப் பெற்றெடுத்த பெண்ணும் சில நாள்களில் காய்ச்சல் கண்டு இறப்பதுண்டு. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய துயரம் அல்ல. ஐரோப்பாவின் பெரிய மருத்துவமனைகளிலும் பிரசவக் காய்ச்சல் தாய்மார்களைக் கொன்றுகொண்டிருந்தது.

அந்தக் காய்ச்சலின் காரணம் மெல்லத்தான் புலப்பட்டது. வியன்னா நகர மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ், மருத்துவர்களின் கைகளே நோயைக் கொண்டுபோகின்றன என்று 1847-இல் கண்டார். குளோரின் கரைசலில் கை கழுவச் செய்ததும் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் சக மருத்துவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. அறுவை சிகிச்சையில் கார்பாலிக் அமிலத்தால் கிருமியை ஒழிக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் 1867-இல் வெளியிட்டார். இந்தப் புதிய அறிவு மருத்துவக் கல்லூரிகளின் வழியாகவே பரவ வேண்டியிருந்தது. கல்லூரிகளிலோ பெண்களுக்கு இடமில்லை.

ஊர்களில் பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். தாய் மகளுக்கும் மாமியார் மருமகளுக்கும் சொல்லிக்கொடுத்து வழிவழியாக வந்த கைத்தொழில் அது. சிக்கலில்லாத பேறுகளை அவர்கள் திறமையாகவே கவனித்தார்கள். சிக்கல் வந்தபோதுதான் அவர்களிடம் கருவியும் இல்லை, அனுப்பிவைக்க இடமும் இல்லை.

இடம் இல்லாமல் போனதற்கு வழக்கமும் ஒரு காரணம். வசதியான முஸ்லிம் குடும்பங்களிலும் சில உயர்குடி இந்துக் குடும்பங்களிலும் பெண்கள் அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. இதற்குக் கோஷா என்று பெயர். பாரசீக மொழியில் 'மூலை' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. கோஷாப் பெண்ணுக்கு நோய் வந்தால் ஆண் மருத்துவர் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து நீட்டிய கையில் நாடி பார்ப்பார். அறிகுறிகளை வேறு ஒருவர் வாயால் கேட்பார். பிரசவச் சிக்கலில் அந்த வழியும் அடைபட்டது. ஆண் மருத்துவர் தொடுவதைவிடச் சாவதே மேல் என்று குடும்பத்தார் நினைத்த வீடுகளும் இருந்தன.

எழும்பூரில் ஓர் ஆண்டு

இந்த நிலையை அறிந்த மேரி, முதலில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்ள விரும்பினார். எழும்பூரில் 1844-இல் தொடங்கப்பட்ட அரசு பிரசவ மருத்துவமனை இருந்தது. இன்று எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையாக விளங்குவது அதுதான். அங்கே ஏறத்தாழ ஓராண்டு பயிற்சி பெற்றார்.

பயிற்சி ஒன்றைத் தெளிவாக்கியது. பிரசவம் பார்க்க மட்டும் தெரிந்தால் போதாது. தாய்க்கு ஏற்கெனவே உள்ள நோய், அறுவை சிகிச்சை, மருந்து எல்லாம் தெரிந்தால்தான் ஆபத்தான நேரத்தில் உதவ முடியும். அதாவது முழு மருத்துவராக வேண்டும். அதற்கு உலகில் அன்று இருந்த வழிகள் மிகக் குறைவு.

மேலைநாட்டுப் பெண்களின் அனுபவம் இதற்குச் சான்று. எலிசபெத் பிளாக்வெல் 1849-இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றார். இங்கிலாந்தில் எலிசபெத் காரெட், மருந்தாளர் சங்கத்தின் விதிகளில் பெண்களுக்குத் தடை எழுதப்படாததைப் பயன்படுத்தி, 1865-இல் அதன் தேர்வில் வென்று உரிமம் வாங்கினார். சங்கம் உடனே விதியை மாற்றி அந்த வழியை மூடிவிட்டது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சோபியா ஜெக்ஸ்-பிளேக்கும் தோழியரும் 1869-இல் சேர்ந்தார்கள். 1870 நவம்பர் 18 அன்று அவர்கள் உடற்கூறியல் தேர்வு எழுதப் போனபோது ஒரு கும்பல் வாசலை மறித்துச் சேற்றை வீசியது. தேர்வு நடந்த மண்டபத்துக்குள் ஓர் ஆட்டையும் தள்ளிவிட்டார்கள். கடைசியில், அந்தப் பெண்களுக்குப் பட்டம் தரப் பல்கலைக்கழகம் கடமைப்பட்டதல்ல என்று 1873-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1875: நான்கு மாணவிகள்

சென்னையில் நிலைமை வேறாக இருந்ததற்கு ஒருவர் முக்கியக் காரணம். சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர் அவர். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர். நகரில் விலங்குக்காட்சிச் சாலை உருவாகவும் காரணமானவர். பல மொழிகள் கற்று, இந்தியாவைப் பற்றிக் கலைக்களஞ்சியம் தொகுத்த அறிஞர். இந்நாட்டுப் பெண்களில் பெரும்பாலோரை ஆண் மருத்துவர்கள் அணுகவே முடியாது, எனவே பெண்களுக்கு மருத்துவம் கற்பிப்பது தவிர வேறு வழியில்லை என்பது அவர் கருத்து. சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அரசுக்குப் பரிந்துரைத்தார். அரசு ஏற்றது.

1835-இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி, 1850-இல் கல்லூரியாக உயர்ந்த அந்த நிறுவனத்தில் 1875-இல் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். திருமதி ஷார்லீப்புடன் சேர்ந்த மற்ற மூவர் ஒயிட், பீல், மிட்செல் என்னும் செல்விகள். முப்பது வயதைத் தொட்டிருந்த மேரி, மூன்று குழந்தைகளின் தாயாகவும் கல்லூரி மாணவியாகவும் ஒரே நேரத்தில் வாழ வேண்டியிருந்தது.

நால்வரும் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். இந்தியக் குடும்பங்களில் பெண் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. கல்லூரிக் கதவு திறந்தாலும், வாசல்வரை வந்து சேரும் தகுதியைப் பெற இந்தியப் பெண்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

படிப்புக்காலம் மூன்று ஆண்டுகள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டிய ஆண்டுகளும் அவையே. 1878-இல் மேரி தேர்ச்சி பெற்று, மருத்துவம், அறுவை, மகப்பேறு மூன்றிலும் தொழில் செய்ய உரிமம் தரும் எல்.எம்.எஸ். தகுதியை அடைந்தார்.

லண்டன் பட்டம்

உரிமம் கிடைத்தும் அவர் நிறைவடையவில்லை. உடல்நலமும் தளர்ந்திருந்தது. 1878-இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். கணவர் சென்னையிலேயே தொழிலைத் தொடர்ந்தார்.

லண்டனில் இதற்குள் மாற்றங்கள் நடந்திருந்தன. எடின்பரோவில் தோற்ற ஜெக்ஸ்-பிளேக்கின் முயற்சியால் 1874-இல் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தது. பாடம் மட்டும் நடத்தினால் மருத்துவராக முடியாது. நோயாளிகளைப் பார்த்துக் கற்க மருத்துவமனை வேண்டும். 1877-இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனை தன் வார்டுகளை மாணவிகளுக்குத் திறந்தது. அடுத்த ஆண்டே லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்தது. பிரிட்டனில் அப்படிச் செய்த முதல் பல்கலைக்கழகம் அதுவே.

மேரி சரியான தருணத்தில் வந்து சேர்ந்தார். பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்து, 1882-இல் எம்.பி., பி.எஸ். பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் கிடைத்தது. ஈடித் ஷோவ் என்ற இன்னொரு பெண்ணும் அதே ஆண்டில் லண்டன் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு மேரி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் செம்மல்வைஸ் கை கழுவச் சொன்ன வியன்னாவுக்குச் சென்று, மகப்பேறு அறுவைச் சிகிச்சையில் பயிற்சி பெற்றுவந்தார்.

இந்தியாவுக்குப் புறப்படுமுன் விக்டோரியா அரசியைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பெண்கள் மருத்துவம் படிப்பதை அரசி விரும்பியவர் அல்லர். எனினும் திரைக்குப் பின்னால் மருத்துவரின்றித் துன்பப்படும் பெண்களைப் பற்றி மேரி சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பின்னாளில் மேரி தொடங்கிய மருத்துவமனைக்கு அரசியின் பெயரே இடப்பட்டது.

மூர் தோட்டத்தில் பிறந்த மருத்துவமனை

1883-இல் மேரி சென்னைக்குத் திரும்பினார். தான் மாணவியாக இருந்த மருத்துவக் கல்லூரியிலேயே மகப்பேறு, மகளிர் நோய்ப் பாடங்களுக்கு விரிவுரையாளரானார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதே பாடங்களுக்குத் தேர்வாளராகவும் இருந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் பெண்களைச் சேர்க்கலாமா என்று யோசித்த கல்லூரியில், இப்போது ஒரு பெண் பாடம் நடத்தினார்.

வீடுகளுக்குச் சென்று சிகிச்சை செய்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. பெண் மருத்துவர் வந்தால் திரை விலகுகிறது. ஆனால் கடுமையான நோயை வீட்டில் வைத்து முழுமையாகக் குணப்படுத்த முடியாது. பொது மருத்துவமனைக்கு வரக் கோஷாப் பெண்களும் சாதிக் கட்டுப்பாடுள்ள இந்துப் பெண்களும் மறுத்தார்கள். ஆகவே அவர்கள் வரக்கூடிய மருத்துவமனை ஒன்று வேண்டியிருந்தது.

1885-இல் நுங்கம்பாக்கத்தில் மூர் தோட்டம் என்ற பங்களாவில் அது தொடங்கியது. 'சாதி இந்து, கோஷாப் பெண்களுக்கான ராயல் விக்டோரியா மருத்துவமனை' என்பது முழுப்பெயர். மருத்துவர், செவிலியர், உதவியாளர் அனைவரும் பெண்களாக இருப்பதே அதன் சிறப்பு. இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களை ஏற்படுத்தித் தருவதற்காக வைசிராயின் மனைவி டஃபரின் சீமாட்டி நாடு தழுவிய நிதி அமைப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

மருத்துவமனையின் பெயரே அந்தக் காலத்துச் சமூகத்தைக் காட்டுகிறது. அதைத் தொடங்கியவர்கள் சாதி வழக்கத்தோடும் கோஷாவோடும் மோதவில்லை. அவற்றுக்கு இடம் கொடுத்தே நோயாளிகளை உள்ளே வரவழைத்தார்கள். அதனால் உயிர்கள் பிழைத்தன. அதே பெயர், சாதியின் பெயரால் பெண்களைப் பிரித்துப் பார்ப்பதை ஒரு மருத்துவமனையும் ஏற்றுக்கொண்டது என்பதற்கும் சாட்சி. வரலாற்றில் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பங்களா விரைவில் போதாமல் போயிற்று. வெங்கடகிரி அரசர் ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை தந்தார். அரசு நிலம் தந்தது. சேப்பாக்கத்தை ஒட்டிய திருவல்லிக்கேணிப் பகுதியில் கட்டடம் எழுந்து, 1890-இல் மருத்துவமனை அங்கே குடிபெயர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதிய நீளமான பெயரை மக்கள் சுருக்கி, 'கோஷா ஆஸ்பத்திரி' ஆக்கிவிட்டார்கள்.

மீண்டும் இங்கிலாந்தில்

அந்தக் கட்டடம் திறந்தபோது மேரி சென்னையில் இல்லை. வெப்பத்தையும் ஓயாத உழைப்பையும் உடல் தாங்காததால் 1887-இல் இங்கிலாந்துக்குத் திரும்பியிருந்தார். 1891-இல் கணவர் வில்லியம் இறந்தார். நாற்பத்தாறு வயதில் குடும்பத்தின் முழுப் பொறுப்பும் அவர் தோளில் விழுந்தது.

லண்டனில் அவர் வாழ்க்கையின் இரண்டாம் பகுதி தொடங்கியது. 1888-இல் எம்.டி. பட்டம் பெற்றார்; லண்டன் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1897-இல் அறுவை சிகிச்சையில் எம்.எஸ். பட்டமும் பெற்றார். எலிசபெத் காரெட் ஆண்டர்சன் நிறுவிய பெண்களுக்கான புதிய மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். பெண்கள் வயிற்றுப் பகுதியில் பெரிய அறுவை சிகிச்சைகளைச் செய்ய முடியுமா என்று ஆண் மருத்துவர்கள் ஐயப்பட்ட காலத்தில் அவற்றைச் செய்து பெயர் பெற்றார். தான் மாணவியாக இருந்த பெண்கள் மருத்துவப் பள்ளியில் பல ஆண்டுகள் பாடமும் நடத்தினார்.

1902-இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனை அவரை மகளிர் நோய் மருத்துவராக நியமித்தது. அதுவரை பெண் மருத்துவர்கள், பெண்கள் நடத்திய மருத்துவமனைகளில்தான் இத்தகைய பதவிகளை வகித்தார்கள். பொது மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பதவி கிடைத்தது அன்று செய்தியாயிற்று.

எல்லாவற்றிலும் அவர் புதுமையை நாடியவர் அல்லர். இளமையில் பெற்ற சமயப் பற்று கடைசிவரை நீடித்தது. செயற்கைக் கருத்தடையை அவர் எதிர்த்தார். பெண்கள் மருத்துவம் கற்பதற்காக உழைத்த ஒருவரிடம் இந்த எண்ணமும் இருந்தது.

1917-இல் சி.பி.இ. விருதையும், 1926-இல் பெண்களுக்கான உயர்ந்த பட்டங்களுள் ஒன்றான 'டேம்' பட்டத்தையும் பிரிட்டிஷ் அரசு வழங்கியது. 1920-இல் கௌரவ நீதிபதியாகவும் நியமிக்கப்பட்டார். இந்திய வாழ்க்கையையும் மருத்துவப் பணியையும் விவரிக்கும் தன் நினைவுகளை 1924-இல் நூலாக வெளியிட்டார். 1930 நவம்பர் 21 அன்று, எண்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

கல்லூரிக்குள் வந்த இந்தியப் பெண்கள்

1875-இல் திறந்த வழியில் இந்தியப் பெண்களும் வரத் தொடங்கினார்கள். மேரி தேர்ச்சி பெற்ற 1878-ஆம் ஆண்டிலேயே, மகாராஷ்டிரத்தில் அகமதுநகரைச் சேர்ந்த கிருபாபாய் என்ற பதினாறு வயதுப் பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பில் சிறந்து விளங்கினார். ஆனால் ஓராண்டிலேயே உடல்நலம் கெட்டுப் படிப்பைக் கைவிட நேர்ந்தது. பிறகு கிருபாபாய் சத்தியநாதன் என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதி, இந்தியாவின் தொடக்ககால நாவலாசிரியர்களுள் ஒருவரானார். தன் வாழ்க்கையை ஒட்டி அவர் எழுதிய 'சகுணா' நாவலில் மருத்துவம் படிக்கப் போகும் பெண்ணின் கதை வருகிறது.

கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்ததால், வங்காளத்தைச் சேர்ந்த அபலா தாஸ் 1882-இல் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார். அவரும் படிப்பை முடிக்கவில்லை. பின்னாளில் அறிவியலறிஞர் ஜெகதீஷ் சந்திர போஸை மணந்து, பெண் கல்விக்காக உழைத்தார். சென்னை வழிகாட்டிய பிறகு கல்கத்தாவும் மனம் மாறியது. அங்கே படித்த காதம்பினி கங்குலி 1886-இல் தகுதி பெற்றார். அதே ஆண்டில் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பட்டம் பெற்றார்.

தமிழ்நாட்டில் இந்த வரிசையில் பெரிய பெயர் புதுக்கோட்டையைச் சேர்ந்த முத்துலட்சுமியுடையது. அவர் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். மேரி ஷார்லீப் நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்ட எழும்பூர் மருத்துவமனையிலேயே ஹவுஸ் சர்ஜனாகப் பணிபுரிந்தார். பின்னர் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடி, 1954-இல் செயல்படத் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்திட்ட முத்துலட்சுமி ரெட்டி இவரே. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

நாடு விடுதலை பெற்ற பின் விக்டோரியா அரசியின் பெயர் நீங்கி, கோஷா ஆஸ்பத்திரிக்குக் கஸ்தூர்பா காந்தியின் பெயர் வந்தது. சாதியும் கோஷாவும் பெயர்ப்பலகையிலிருந்து மறைந்தன. எல்லாச் சமூகத்துப் பெண்களுக்கும் பிரசவம் பார்க்கும் அரசு மருத்துவமனையாக அது இன்றும் அதே இடத்தில் இயங்குகிறது.